எத்த வுட?

"சௌக்கியமா?" என்று கேட்டவர்கள் யாருக்கும் அவர் நேராகப் பதில் சொன்னதில்லை. "எத்த வுட?" என்று திருப்பிக் கேட்பார். குதர்க்கம் இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நேற்றை விடவா, போன வருஷத்தை விடவா, எதிர்வீட்டுக்காரனை விடவா? பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தாமல் ஒன்றை நல்லது கெட்டது என்று சொல்ல அவரால் முடியாது.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய பேரன்கள் நன்றாகப் படித்து உத்தியோகத்தில் இருக்கிறார்கள். இதைப் படித்தால் இன்னொரு எழுத்தாளனின் கட்டுரையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ரத்தத்தில் உள்ள குணம். முடிவு எனக்குச் சாதகமாக இராது.

பூந்தமல்லிச் சந்தையில் மாட்டுத் தரகர். ஊரார் எல்லாருக்கும் நைனா. வலது கண் சின்ன வயசிலேயே அம்மையில் போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணை வைத்துக்கொண்டு இரண்டு கண்ணுள்ளவர்களை விட இரண்டு மடங்கு பார்த்தார். ஒரு மாட்டைக் காட்டி "எப்படி நைனா?" என்றால் வாயைத் திறக்க மாட்டார். பக்கத்தில் இன்னொன்றைக் கட்டினால்தான் பேச்சு வரும். அப்போது கடை திறந்தால் மூடுவது கஷ்டம்.

அந்த நாளில் பூந்தமல்லியில் இரண்டு காபி கிளப்புகள். இரண்டிலும் அரை அரை தம்ளர் குடிப்பார். இத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்களே, எதுதான் நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன்.

"இன்னும் பாத்துக்கினு கீறேன்" என்றார்.

அப்போது நான் பி.ஏ. தேறியிருந்தேன். அம்பத்தூரில் தினமும் ரயிலேறிப் பட்டணம் போய், வேலை கிடைக்காமல், அதே ரயிலில் திரும்பி வருவதுதான் உத்தியோகம். எங்கள் வீட்டுக்குப் பசு பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். பசுவோடு வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து என்னையும் என் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் தகப்பனாரிடம், "பெரியவரு ஏருக்கு ஆவாரு. சின்னவரு வண்டிக்கு ஆவாரு. ரெண்டு பேரையும் ஒரே நொகத்துல கட்டிடாதீங்க" என்றார்.

"இவன் வண்டிக்காவது ஆவானா?" என்று என் தகப்பனார் ஆவலோடு கேட்டார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் சிபாரிசு அதுதான்.

அவர் மனைவி மட்டும் அவரை மடக்குவாள். "ஊரு மாட்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாக்கற ஆளு, என்ன மட்டும் எத்தோட ஒத்துப் பாத்துக் கட்டிக்கினே?"

"அப்ப பாக்காமப் பூட்டேன். அதான் இன்னிக்கி வரிக்கும் பாத்துக்கினே கீறேன்."

"பாரு பாரு. நானும் பாத்துக்கினுதான் கீறேன். எனக்கு ரெண்டு கண்ணு கீது."

தரகர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தோளிலிருக்கும் துண்டை எடுத்து இருவர் கைகளின் மேலும் போர்த்தி, உள்ளே விரல்களைத் தொட்டும் அழுத்தியும் பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். பேரம் பிடிக்காவிட்டால் விரல் நழுவிவிடும். பிடித்துவிட்டால் ஒருவன் மற்றவன் கையை முழுசாக இறுக்கிப் பிடித்து ஒரு குலுக்கு குலுக்குவான். அதோடு முடிந்தது. அப்புறம் ராஜாவே வந்து நல்ல மாடு காட்டினாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. துண்டுக்குள் பிடித்த கையை விடுகிறவனுக்குச் சந்தையில் மறுபடி யாரும் கை கொடுக்க மாட்டார்கள். நைனா ஒரு மாட்டுக்கு நாலு நாள் துண்டு போடுவாரே தவிர, அவ்வளவு சுலபத்தில் இறுக்க மாட்டார்.

யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி ஒரு நாள், அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"தம்பி, உன் தலைமுடிய காணம்" என்றார்.

என் தலைமுடியைப் பற்றி எனக்கே கவலை ஆரம்பித்திருந்த காலம். கோபம் வந்துவிட்டது. பிறகுதான் சொன்னார். கொஞ்ச நாளாகக் கண்ணுக்கு முன்னால் ரயில் கரி மாதிரி பறக்கிறதாம். மழையில்லாமல் மின்னல் மின்னுகிறதாம். இப்போது மேலேயிருந்து கறுப்பாக ஒன்று இறங்குகிறதாம்.

"மேலருந்து எவனோ கண்ணு மேல துண்டு போட்டு வெல பேசறான் தம்பி. இன்னா வெலன்னுதான் பிரியல."

உடனே ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்றால் இல்லை. முதலில் பாடியில் ஒரு வைத்தியரைப் பார்த்தார். அவர் சூடு என்றார். ஒருவர் சொன்னதை எப்படி நம்புவது என்று கோவில்பதாகையில் இன்னொருவரைப் பார்த்தார். அவர் குளிர்ச்சி என்றார். இரண்டு மருந்தையும் நாள் விட்டு நாள் போட்டுக்கொண்டு எது தேவலை என்று கவனித்தார். கவனித்துக்கொண்டிருக்கும்போதே என் நெற்றி மறைந்தது.

அவர் மனைவி என்னிடம் வந்து, "இங்கிலீசு படிச்ச புள்ள நீ. சும்மாதான கீறே, பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ" என்றாள். சும்மாதான் இருக்கிறேன் என்பதை இவ்வளவு மரியாதையாக யாரும் அதுவரை சொன்னதில்லை. மூவரும் ரயிலேறினோம்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் இருட்டறையில் அவரை உட்கார வைத்து, கண்ணாடியால் வெளிச்சத்தைக் கண்ணுக்குள் அனுப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் இங்கிலீஷில், ரெடினா டிடாச்மெண்ட் என்றார். டிடாச்மெண்ட் என்ற வார்த்தையை நான் வேதாந்தப் புஸ்தகங்களில் மட்டுமே பார்த்திருந்தேன். கம்பீரமாக மொழிபெயர்த்தேன்.

"நைனா, உங்க கண்ணு பற்று விட்டுடுத்தாம்."

நைனா யோசித்தார். "சாமியாரா பூடுச்சா? எனக்கே இன்னும் பத்து வுடலியே, அதுக்கு இன்னா அவசரம்?"

பெரிய டாக்டருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பது அவர் சிரித்தபோதுதான் தெரிந்தது. அதற்கப்புறம் என்னைக் கலக்காமல் நேராகவே அவரிடம் பேசினார்.

கண்ணின் உட்சுவரில் ஒரு மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். பார்வை அதில்தான் விழுகிறதாம். அதில் ஒரு கிழிசல் விழுந்து, உள்ளே இருக்கும் நீர் கிழிசல் வழியாகப் பின்னால் புகுந்து, மழைக்காலத்தில் சுவரின் காரை பெயர்வது போலத் தோல் பெயர்ந்து வருகிறதாம். அதிலே ஒரு வேடிக்கை: கண்ணுக்குள் எல்லாம் தலைகீழ். பெயர்வது கீழ்ப்பக்கம், ஆனால் மறைவது மேல்பக்கம். எனக்கு இது பிரமாதமாக இருந்தது. இருபத்து நாலு வருஷம் இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு திரிந்தவனுக்கு, அதற்குள்ளே உலகம் தலைகீழாக நிற்பது பி.ஏ. வரைக்கும் தெரியவில்லை.

"கீழ்ப்பக்கமானதால் மெதுவாக வருகிறது. நடுவுக்கு வந்துவிட்டால் பிறகு என்ன செய்தாலும் பழைய பார்வை கிடைக்காது" என்றார் டாக்டர்.

"இதுக்கு இன்னா வைத்தியம்?"

"மூன்று விதம் உண்டு."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நைனாவின் முகம் சந்தை நாள் காலை போல மலர்ந்தது. அவர் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஒன்று, பழைய முறை. இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, வாரக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பது. தோல் தானாகப் படிந்தால் உண்டு. பெரும்பாலும் படியாது, படிந்தாலும் எழுந்து நடந்தால் மறுபடி பெயரும். இரண்டாவது, கிழிசல் எங்கே என்று கண்டுபிடித்து, கண்ணின் வெளிப்பக்கத்திலிருந்து அந்த இடத்தில் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் சூடு வைப்பது. சூடு பட்ட இடம் தழும்பாகும். தழும்பில் தோல் ஒட்டிக்கொள்ளும். பெரிய டாக்டர் செய்வது அது. மூன்றாவது புதுசு. பக்கத்து வார்டில் சீமையில் படித்துவிட்டு வந்த சின்ன டாக்டர் செய்கிறார். அதுவும் சூடுதான். ஆனால் நெருப்பினால் இல்லை, கரண்டினால். சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கிழிசலைச் சுற்றி வேலி போட்டு, பின்னால் தேங்கிய நீரை வடித்துவிடுவது.

"ரெண்டுல எது தேவல?" என்றார் நைனா.

"ஊசியில் ஒரே இடத்தில் பலமான சூடு. இடம் தவறினால் வேறெங்கோ சுட்டதாகும். கரண்டில் சூடு குறைச்சல், நிறைய இடத்தில் வைக்கலாம். ஆனால் புதுசு. அவர் அது மேல் என்கிறார், நான் இது மேல் என்கிறேன். இன்னும் சண்டை தீரவில்லை."

"நீங்களும் பாத்துக்கினு கீறீங்க" என்றார் நைனா, தன் இனத்தைக் கண்டுகொண்ட சந்தோஷத்தோடு. "அப்ப ரெண்டும் பண்ணிக்கினவங்களைக் காட்டுங்க. பாத்துட்டு சொல்றேன்."

மாட்டைப் பார்க்காமல் வாங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மறுபடி ஒரு நாள் வந்தோம். அதற்குள் எனக்குப் புருவம் போயிருந்தது.

ஊசிச் சூடு வைத்துக்கொண்டவள் பொன்னேரிப் பக்கத்து அம்மாள். கட்டு அவிழ்த்து வெகு நாளாகி, சோதனைக்காக வந்திருந்தாள். நைனா விரலைக் காட்டினார், துண்டின் கரையைக் காட்டினார், என்னைக் காட்டினார்.

"யாரு இது, சொல்லு?"

"யாரோ கண்ணாடி போட்ட புள்ள. சாப்பாடு பத்தல போல" என்றாள். பார்வை மிகத் துல்லியம்.

கரண்டு வைத்துக்கொண்டவர் ஒரு ரயில்வே ஃபயர்மேன். அவருக்கு வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிந்தது. நைனா எழுந்து துண்டை உதறினார். "ஊசிதான். கரண்ட் வாணாம்."

சின்ன டாக்டர் அங்கேதான் இருந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "அந்த அம்மாள் பார்வை மறைய ஆரம்பித்த வாரமே வந்துவிட்டார்கள். இவர் ஆறு மாசம் கழித்து வந்தார். அவருக்கு ஊசி வைத்திருந்தாலும் இவ்வளவுதான். இரண்டு பேரையும் எப்படி ஒப்பிடுகிறீர்கள்?"

நைனா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தவற்றை யாராவது சந்தையில் செய்திருந்தால் ஒரு மாசம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். "கன்னுக்குட்டியையும் கெழ மாட்டையும் ஒண்ணா நிறுத்திட்டேன்" என்று முணுமுணுத்தார். புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப ஒரே மாதிரி வந்தவங்க ரெண்டு பேர காட்டுங்க" என்றார்.

அவர் மனைவி எழுந்துவிட்டாள். "யோவ்! இன்னும் எத்தினி பேர பாப்பே? பாக்கறதுக்குள்ள பாக்கற கண்ணே பூடும்யா! இந்தத் தம்பி மூஞ்சில இப்ப இன்னா தெரியுது, சொல்லு!"

நைனா என்னைப் பார்த்தார். "மூக்குக்கு மேல ஒண்ணும் இல்ல."

துண்டு கண்ணாடி வரைக்கும் வந்துவிட்டது. மூக்கு நுனி போனால் நடு போயிற்று.

நைனா பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் வந்ததும் தோளிலிருந்து துண்டை எடுத்தார். "சாமி, கைய கொஞ்சம் குடுங்க. வாய் எத்த வேணா பேசும், கை காட்டிக் குடுத்துடும்." பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே துண்டுக்குள் கையை விட்டார். நைனா விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். நடுக்கம் இல்லை, அவசரம் இல்லை. "கெட்டியான கை" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. ஊசிதான்.

ஆனால் ஒரு கையை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்கிறவரா அவர்? ஒத்துப் பார்ப்பதற்காக மட்டும், சின்ன டாக்டரிடம் போய் அதே போலத் துண்டைப் போர்த்தினார்.

சின்ன டாக்டருக்கு இந்த வழக்கம் எங்கே தெரியும்? பல வருஷம் சீமையில் இருந்தவர். யாராவது கையை நீட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். துண்டுக்குள் நைனாவின் கையை முழுசாகப் பிடித்தார். இறுக்கினார். மேலும் கீழும் நன்றாகக் குலுக்கினார்.

நைனாவின் முகம் வெளிறிப் போயிற்று.

"இன்னாய்யா ஆச்சு?" என்றாள் மனைவி.

"முடிஞ்சிடிச்சி" என்றார். "புடிச்சிட்டாரு."

"அவருக்குத் தெரியாது நைனா. அது வெறும் இங்கிலீஷ் மரியாதை" என்றேன் நான்.

"அவருக்குத் தெரியாது தம்பி. என் கைக்குத் தெரியுமே. துண்டுக்குள்ள புடிச்ச கைய எப்படி வுடறது?" என்று சொல்லிவிட்டு, பெரிய டாக்டரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பெரிய டாக்டர் விஷயம் தெரிந்து சின்னவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் ஏன் தட்டுகிறார் என்பது சின்னவருக்கு மறுநாள் வரை தெரியாது. முப்பது வருஷம் ஒத்துப் பார்த்தே காலம் தள்ளிய மனிதருக்கு, இருந்த ஒரே கண்ணுக்கு என்ன வைத்தியம் என்பது ஒரு கைகுலுக்கலில் தீர்மானமாகிவிட்டது.

அறுவை சிகிச்சை நடந்தபோது அவர் விழித்துத்தான் இருந்தாராம். கண்ணை மரத்துப்போகச் செய்திருந்தார்கள். சின்ன டாக்டர் பிற்பாடு சொன்னார். "வலிக்கிறதா?" என்று கேட்டாராம். "எத்த வுட?" என்றாராம் இவர். டாக்டர் ஒரு கணம் யோசித்து, "மாடு உதைப்பதை விட" என்றாராம்.

"அத்த வுட தேவல. நடத்துங்க."

பிறகு இரண்டு கண்ணிலும் கட்டு, இரண்டு பக்கமும் மணல் மூட்டை. இருமக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கக் கூடாது. நான் அடிக்கடி போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். நர்ஸ் என்னைத் தடுக்கப் பார்த்தாள். "தம்பி பேசட்டும்மா. இது சொல்றதுக்கெல்லாம் யாருக்கும் சிரிப்பு வராது" என்றாள் அவர் மனைவி. பத்திரிகைகள் என் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம் இந்த வாக்கியம் ஞாபகம் வரும்.

இருட்டிலும் அவர் தொழிலை விடவில்லை. இடது மணல் மூட்டை வலதை விடக் கனம் என்றார். காலைக் கஞ்சியை விட மாலைக் கஞ்சி கெட்டி என்றார். ஒரு நாள் மட்டும் மெல்லிய குரலில், "தம்பி, இந்த இருட்டுக்கு மட்டும் சோடி இல்ல. இத்த எத்தோட ஒத்துப் பாக்கறது?" என்றார்.

கட்டு அவிழ்த்த அன்று எல்லோரும் நின்றோம். சின்ன டாக்டர் கடைசித் துணியை எடுத்தார். நைனா கண்ணைச் சிமிட்டி, என் மூக்கிலிருந்து ஆரம்பித்து மெதுவாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"மூக்கு கீது. கண்ணாடி கீது. நெத்தி..." நிறுத்தினார். "நெத்தியும் கீது. முடி மட்டும் இல்ல."

"துண்டு அங்கே இன்னும் இருக்கிறதா?" என்றார் டாக்டர், நைனாவின் பேச்சிலேயே.

"போட்டவன் மடிச்சு மேல வெச்சிருக்கான். எடுத்துக்கினு போவல."

கீழே ஓரத்தில் கொஞ்சம் ஒட்டவில்லை, நாளாகிவிட்டதால் அவ்வளவுதான் முடிந்தது என்றார் டாக்டர். என் முடி தெரியாததற்கு அது காரணமா, அல்லது அதற்குள் முடியே இல்லையா என்பது பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. அவர் மனைவி இரண்டாவது கட்சி. அன்று அழுதுகொண்டே அதைச் சொன்னாள்.

அவர் மறுபடி சந்தைக்கு வந்தார். ஒத்துப் பார்ப்பதையும் விடவில்லை, இரண்டு காபி கிளப்பையும் விடவில்லை. மேலே பார்க்க வேண்டுமானால் தலையைக் கோழி மாதிரி நிமிர்த்துவார், அவ்வளவுதான்.

யுத்தம் வந்து, பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை விட்டுப் போன காலம். எனக்கு வேலை கிடைத்து, வேலை பிடிக்காமல் லீவு போட்டுக்கொண்டு சந்தையில் சுற்றிக்கொண்டிருந்தேன். செம்பரம்பாக்கத்துக் குடியானவர் ஒருவரோடு நைனா துண்டு போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு மும்முரமாக இருக்கும்போது அந்த மனிதர் இடது கையால் கண்ணுக்கு முன்னால் ஈ ஓட்டினார். அங்கே ஈ இல்லை.

"இன்னா?" என்றார் நைனா.

"ஒண்ணும் இல்ல நைனா. முந்தாநாள்லேந்து கண்ணுல கரி பறக்குது. பஸ்ஸு கரியோ இன்னாவோ. நடுநடுவுல மின்னுது."

நைனா துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டார். பேச்சின் நடுவில் அவர் கையை உருவி அதுவரை யாரும் பார்த்ததில்லை. சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். நைனாவின் கண் கதை சந்தை முழுக்கத் தெரிந்ததுதான்; என்ன விஷயம் என்று தெரிந்ததும் அந்தக் குடியானவரே கேட்டார்: "ஊசிச் சூடுன்றாங்க, கரண்ட்டுன்றாங்க. உனக்குத்தான் தெரியும், எது நல்லது நைனா?"

ஊரே காது கொடுத்தது. வாழ்நாளெல்லாம் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் என்று நினைத்தோம்.

"நான் ஒண்ணுதான் பண்ணிக்கினேன்" என்றார் நைனா. "ஒண்ண வெச்சுக்கினு எப்படிச் சொல்றது? ஏந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இப்பவா? இன்னொரு சோடி மாடு காட்டறேன்னியே? ஒத்துப் பாக்க வாணாமா?"

"மாடு நிக்கும். கண்ணு நிக்காது."

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் மட்டும் அன்றைக்கு அத்தனை நாள் எடுத்துக்கொண்டீர்களே நைனா?" என்றேன்.

அவர் புருவத்துக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார். "அந்த நாளுங்கதான் தம்பி, இங்க தொங்கிக்கினு கீது."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மனிதரின் கையைப் பிடித்து நெடுஞ்சாலைக்கு இழுத்துப் போனார். ஒரு பக்கம் ஜட்கா வண்டி ஒன்று தூரத்தில் வந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் பஸ்ஸின் புகை தெரிந்தது.

"எதுல போறது நைனா, ஜட்காவுலயா, பஸ்ஸுலயா?"

நைனா தலையை நிமிர்த்தி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எது மொதல்ல வருதோ, அதுல."